வெளிவாசலில் தோரணம், உள்வாசலில் பூட்டு!

விருந்தினருக்காக வாசலில் தோரணம் கட்டுவது குற்றமா? குற்றமல்ல. தோரணம் கட்டிய கையே வீட்டுப் பிள்ளைக்குக் கதவைச் சாத்தினால், கேட்காமல் இருக்க முடியுமா?

அயல்நாட்டு மாணவரை அழைக்க, உலகப் பல்கலைக்கழகங்கள் இன்று இணையத்தில் கடை விரித்திருக்கின்றன. பிரிட்டன் பழம்பெருமையைக் காட்டுகிறது. வெளிநாட்டாருக்கு அங்கே கட்டண வரம்பு கிடையாது. ஜெர்மனியோ, அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே இல்லை என்கிறது.

டில்லியும் 2018இல் 'இந்தியாவில் படியுங்கள்' என்று முழங்கிற்று. 2023க்குள் 2 இலட்சம் மாணவர் என்பது இலக்கு. 2021-22ஆம் ஆண்டு அரசே எடுத்த கணக்கில் இருந்தோர் 46,878 பேர்! இலக்கு எங்கே, எண்ணிக்கை எங்கே?

விளம்பரம் மட்டுமா ஆளை இழுக்கும்? இணையம் இல்லாத 1931இல், மட்டக்களப்புப் பகுதியிலே பிறந்த விபுலானந்த அடிகள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். 1940களில் யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகள் அங்கே தமிழ் பயின்றார். அவர்களை அழைத்தது எது? தமிழ்! அங்கே கல்வி இருந்தது, நாடி வந்தார்கள்.

இனி, உள்வாசலைப் பாருங்கள் தோழர்களே! மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புக்கு 2022இல் 'கியூட்' நுழைவுத் தேர்வைப் புகுத்தினார்கள். வெளிநாட்டு மாணவருக்கு அத்தேர்விலிருந்து விலக்கு. இருக்கிற இடங்களுக்கு மேல் 25 விழுக்காடு வரை அவர்களுக்குக் கூடுதல் இடம். தரட்டும், அந்த மாணவர் நமக்குப் பகைவர் அல்லர்.

ஆனால், விளாங்குடியில் சுமை தூக்கும் தொழிலாளியின் மகள் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பினால்? பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதாதாம். 'கியூட்' எழுத வேண்டுமாம்! கென்யா நாட்டுப் பள்ளிச் சான்றிதழை நம்புகிற டில்லி, மதுரைப் பள்ளிச் சான்றிதழை நம்ப மறுப்பது ஏன்? பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர்க்கு அது படிக்கட்டு. கூலிக்காரன் குடும்பத்துக்கு மதிற்சுவர்!

அதனால்தான் 2022 ஏப்ரல் 11 அன்று, அத்தேர்வைக் கைவிடக் கோரித் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் ஏட்டிலே தூங்கலாகாது. தெருமுனைக் கூட்டத்தில், ஆலை வாசலில், தேநீர்க் கடையில் அதைப் பேச வேண்டியவர்கள் நாம்.

அயலார்க்குக் கதவைத் திறவுங்கள்; வரவேற்போம். அப்படியே, எங்கள் பிள்ளைகளுக்குப் போட்ட பூட்டையும் எடுங்கள்!