நகரத்து ஏழைக்கு எந்தச் சட்டம்?

கொல்கத்தாவின் டாக்குரியா ரயில் நிலையத்தில் அன்றாடம் வந்திறங்குவோரில் பலர், தெற்கு 24 பர்கானா மாவட்டத்திலிருந்து வீட்டு வேலைக்கு வரும் பெண்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட புறநகர் ரயில்கள், மேற்கு வங்கத்தில் நவம்பர் 11-ஆம் தேதிதான் மீண்டும் ஓடின. 2021 மே மாதம் மறுபடியும் நிறுத்தப்பட்டு, அக்டோபர் இறுதியில்தான் இயங்கின. ரயில் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை.

அப்போது அரசுகள் தந்தது என்ன? பெண்களின் ஜன்தன் கணக்குகளில் மாதம் ரூ.500 வீதம் மூன்று மாதங்களுக்கு மத்திய அரசு செலுத்தியது. நாளொன்றுக்குப் பதினேழு ரூபாய்கூடத் தேறாது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு 'பிரசேஷ்டா' திட்டத்தின்கீழ் ஒருமுறை ரூ.1,000 என்றது மேற்கு வங்க அரசு. தமிழகத்தில் குடும்ப அட்டைதாரர்களுக்கு 2020-இல் ரூ.1,000, 2021-இல் ரூ.4,000 வழங்கப்பட்டது. மாநிலத்துக்கு மாநிலம் தொகை மாறியதற்குக் காரணம், இவை அனைத்தும் ஆட்சியாளர்களின் விருப்பத்தைப் பொறுத்த சலுகைகளாக இருந்ததுதான்.

ஊரக வேலைக்கு அன்று மகாத்மா காந்தி வேலை உறுதிச் சட்டம் இருந்தது. அதனால்தான் 2020 மே மாதம் கூடுதலாக ரூ.40,000 கோடி ஒதுக்க முடிந்தது. நகரத்துக் கூலியை நம்பி வாழ்பவருக்கோ, நாடு முழுவதற்குமான அத்தகைய சட்டம் ஏதுமில்லை. நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் வேண்டும் என்று பர்த்ருஹரி மகதாப் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 ஆகஸ்டில் பரிந்துரைத்தும், அது சட்டமாகவில்லை.

அன்று புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையிருக்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, உயிரிழப்புக்கு மட்டுமன்றி, வாழ்வாதாரத்தை மீட்பதற்கும் உதவி வழங்க நெறிமுறை வகுக்க அன்று சொன்னது. 2021 ஜூன் 30-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே, கொரோனா மரணத்துக்கு ரூ.50,000 என்று முடிவாயிற்று. மரணத்துக்குத் தொகை நிர்ணயித்தவர்கள், கூலியிழந்து உயிரோடிருப்பவர்களுக்கு எதையும் நிர்ணயிக்கவில்லை.

பயனாளிகளின் பட்டியல் இல்லை என்கிற சாக்கும் இனி எடுபடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் அதிகமான தொழிலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கஜானா தாங்குமா என்பது நியாயமான கேள்விதான். தொகை எவ்வளவு, மத்திய, மாநில அரசுகளின் பங்கு எவ்வளவு என்பதை நாடாளுமன்றம் விவாதித்து முடிவு செய்யட்டும். ஆனால், அந்த விவாதம் அடுத்த பேரிடருக்கு முன்பே நடந்தாக வேண்டும். வேலைக்குப் போகாதே என்று ஆணையிடும் அதிகாரம் அரசுக்கு உண்டென்றால், அந்த நாள்களில் அடுப்பெரிவதற்குப் பொறுப்பேற்கும் கடமையும் அதற்கு உண்டு!