பார்த்து எழுதுவது எழுத்தாகுமா?

நம் தொடக்கப் பள்ளிகளில் ‘எழுதுதல்’ என்றால் என்ன? கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவது. டீச்சர் சொல்லச் சொல்ல எழுதுவது. படித்த பாடத்தையே வீட்டில் இரண்டு முறை எழுதி வருவது. தப்பு விட்டால் பத்து முறை. இவ்வளவுதான்!

ஐந்து வருடம் இப்படி எழுதி, கையெழுத்து முத்து முத்தாக வந்துவிட்ட ஒரு பெண்ணிடம், “நேற்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது? ஐந்து வரி எழுது” என்று சொல்லிப் பாருங்கள். பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதையே வாயால் சொல்லச் சொன்னால் அரை மணி நேரம் நிறுத்த மாட்டாள். பேசத் தெரிந்த குழந்தைக்கு எழுத வராதது ஏன்? எழுத்துப் பயிற்சி என்ற பெயரில் நாம் கையெழுத்துப் பயிற்சியை மட்டுமே கொடுத்து வருகிறோம் என்பது என் கருத்து.

கையெழுத்து வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழில் 247 எழுத்துகள். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து சில வடிவங்கள் எளிதான பிறகும், ஆறு வயதுக் குழந்தைக்கு அவை பெரிய சுமைதான். பழகத்தான் வேண்டும். ஆனால் 247-ம் முடிந்த பிறகுதான் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதலாம் என்று யார் விதித்தது?

எங்கள் ஆரணியை எடுத்துக்கொள்வோம். நெசவாளர் வீட்டுக் குழந்தைக்குப் பள்ளிக்கு வருமுன்பே பாவு தெரியும், ஊடை தெரியும், தார் சுற்றத் தெரியும், ஜக்கார்டு அட்டை எதற்கு என்று தெரியும். மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் அப்பாவுக்கு வேலை நின்றுவிடும் என்பதும் தெரியும். இவ்வளவு விஷயத்தோடு வருகிற குழந்தையிடம் நாம் என்ன கேட்கிறோம்? பசுவைப் பற்றிக் கட்டுரை! அதுவும் புத்தகத்தில் உள்ளபடியே. பசு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள் உண்டு. முடிந்தது.

இது வெறும் மதிப்பெண் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே வாசலில் காசு வாங்கிக்கொண்டு மனு எழுதித் தருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் முன்னால் நிற்கிறவர்களில் ஐந்தாவது, எட்டாவது படித்தவர்களும் இருக்கிறார்கள். படிக்கத் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும், தன் குறையைத் தானே எழுதத் தெரியாது. எழுதுகிறவர் தனக்குப் பழகிய வாசகத்தில் எழுதித் தருவார். சொல்ல வந்ததில் பாதி அதில் இருக்காது. தறியிலும் இதே கதைதான். கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு கழிந்தது என்று நோட்டில் எழுதுகிறவர் சொல்வதுதான் கணக்கு.

பட்டுத் தறிகளில் கொத்தடிமைகளாக இருந்த சிறுவர்களைப் பற்றி 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஒரு அறிக்கை வெளியிட்டது. அதில் நம் பக்கத்துக் காஞ்சிபுரமும் இருந்தது. அந்தப் பிள்ளைகளைத் தறியிலிருந்து பள்ளிக்குக் கொண்டுவர எத்தனையோ பேர் பாடுபட்டார்கள். அப்படி மீட்டுக் கொண்டுவந்து, பார்த்து எழுத மட்டும் சொல்லிக் கொடுத்து அனுப்பினால் போதுமா?

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-ல் தமிழகம் முழுதும் வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, குழந்தையின் கைக்கு எட்டும்படி சுவரின் கீழே அமைத்த கரும்பலகை. முதல் முறையாகச் சாக்பீஸ் குழந்தையின் கைக்கு வந்தது! 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். நல்ல முயற்சிகள்தான். ஆனால் நாம் எதை அளக்கிறோமோ அதைத்தான் பள்ளிகளும் கவனிக்கும். 2005 முதல் கிராமங்களில் நடத்தப்படும் ‘அசர்’ ஆய்வு குழந்தைக்கு வாசிக்கத் தெரியுமா, கணக்குப் போடத் தெரியுமா என்று பார்க்கிறது. சொந்தமாக நாலு வரி எழுத வருமா என்று பார்ப்பதில்லை.

சரி, இதற்கு என்னதான் வழி? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

1. முதல் வகுப்பிலேயே குழந்தை கேட்கும் சொல்லை எழுதிக் கொடுக்கலாம். நியூசிலாந்தில் மவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன் வார்னர் என்ற ஆசிரியை, ஒவ்வொரு குழந்தையிடமும் “உனக்கு என்ன வார்த்தை வேண்டும்?” என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுத்தார். 1963-ல் வந்த தன் புத்தகத்தில் இதை விவரித்திருக்கிறார். ஆரணிக் குழந்தை ‘தறி’ என்று கேட்கும். இரண்டே எழுத்து. ‘நாடா’வும் இரண்டே எழுத்துதான்.

2. முதலில் பேச்சு மொழியிலேயே எழுத விடலாம். “எங்கப்பா தறி நெய்றாரு” என்று எழுதினால் பெரிய குற்றம் இல்லை. ‘நெய்கிறார்’ மூன்றாம் வகுப்பில் வரட்டுமே! வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும்.

3. சிவப்பு மையைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். தப்பென்றால் கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். இந்த மணல் எழுத்தைப் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல் என்பவர் தன் சென்னை எழும்பூர்ப் பள்ளியில் அதைப் புகுத்தினார். 1797-ல் அதைப் பற்றி லண்டனில் எழுதி வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. அழித்து எழுதும் சுதந்திரத்தை நாம் மட்டும் ஏன் தொலைத்தோம்?

4. படிப்பதற்கு ஆள் வேண்டும். ஆசிரியர் மட்டுமே பார்த்து டிக் போடும் நோட்டுக்காக எந்தக் குழந்தையும் ஆசையாக எழுதாது. வகுப்புக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தலாம். வேறு ஊர்ப் பள்ளிக்கு அஞ்சல் அட்டை எழுதலாம். நன்றாக இருப்பதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கலாம்.

5. பெரிய பிள்ளைகள் சேர்ந்து எழுதலாம். இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில் பாதிரியார் மிலானி நடத்திய பள்ளியில், எட்டு ஏழை மாணவர்கள் சேர்ந்து தங்களைத் தோற்கடித்த கல்விமுறையைக் கேள்வி கேட்டு ஓர் ஆசிரியைக்குக் கடிதம் எழுதினார்கள். 1967-ல் அது புத்தகமாகவே வந்தது. மனதில் பட்டதைத் துண்டுச் சீட்டுகளில் குறித்து, ஒரே விஷயம் பேசும் சீட்டுகளை ஒன்றாக அடுக்கி, தேவையில்லாததை வெட்டி, உரக்க வாசித்துத் திருத்தினார்கள். பைசா செலவில்லை. ஐந்தாம் வகுப்பிலேயே செய்யலாம்.

“ஆசிரியருக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! பதிவேடுகள் வேறு. ஆனால் நான் கேட்பது புதிய பாடவேளை அல்ல. பாடத்தை இரண்டாம் முறை பார்த்து எழுதும் அந்தப் பத்து நிமிடத்தைச் சொந்தமாக மூன்று வரி எழுத விடுங்கள். எல்லா நோட்டையும் தினமும் திருத்த வேண்டாம். நாளைக்கு ஐந்து நோட்டைப் படித்து, “அப்புறம் என்ன ஆச்சு?” என்று ஒரு கேள்வி எழுதினால் போதும். அடுத்த நாள் அந்தக் குழந்தை பதில் எழுதாமல் விடாது.

“இனிமேல் கைப்பேசியிடம் சொன்னால் அதுவே எழுதித் தருமே” என்பது இப்போது புதிதாகக் கேட்கும் வாதம். எழுதித் தரும், மறுக்கவில்லை. ஆனால் என்ன சொல்ல வேண்டும், எதை முதலில் சொல்ல வேண்டும் என்று யோசிக்கத் தெரியாதவருக்கு அதுவும் ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருகிறவர் போலத்தான். எழுதி வந்ததில் தன் குறை முழுதாக இருக்கிறதா என்று சரிபார்க்கவும் அவருக்குத் தெரியாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நோட்டு நிறைய டிக் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பிள்ளை தானாக எழுதிய ஒரு வரி அதில் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கு இரவே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, முதலில் அதை வாய்விட்டுப் படியுங்கள்.