வாயில்லா உயிர்களும் பாராளுமன்றமும்

தாம்பரத்தில் வாழும் வாக்காளர், திருப்பெரும்புதூர்த் தொகுதியின் உறுப்பினரை மக்களவைக்குத் தேர்ந்தனுப்புகின்றார். அண்டையிலுள்ள வேளச்சேரியினரோ தென்சென்னைத் தொகுதியினர். இங்ஙனம் நாடெங்கும் தேர்ந்தெடுக்கப்படுவோர் 543 பேர். அவருள் தமிழ்நாட்டினர் 39 பேர். பெரும்பான்மை பெற்ற ஆட்சியினர் எண்ணுவதே சட்டமாகும்போது, தனியொருவர் எழுந்து பேசுவதால் ஆவதென்ன என்று சலித்துக்கொள்வோர் பலர். அச்சலிப்பு முற்றும் பொருந்தாது என்பதற்குத் தென்சென்னையிலேயே சான்று உண்டு.

அடையாற்றில் 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவியவர் ருக்மிணி தேவி அருண்டேல். கலை, இலக்கியம், அறிவியல், சமூகத் தொண்டு ஆகியவற்றில் சிறந்தோருள் பன்னிருவரை மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம். அம்முறையில் 1952-இல் உறுப்பினரான அம்மையார், நடனத்தைப் பற்றியே பேசுவார் எனப் பலரும் எதிர்பார்த்திருக்கக் கூடும். அவர் கருதியதோ வாயில்லா உயிர்களின் துயர்.

அக்காலத்தில் விலங்குகளைக் காக்க இருந்தது 1890-ஆம் ஆண்டுச் சட்டம். அது நகராட்சி எல்லைக்குள் மட்டுமே செல்லும். எல்லைக்குள் சாட்டையடி பட்ட மாட்டுக்குச் சட்டத்தின் துணை உண்டு. எல்லையைக் கடந்து நான்கு அடி வைத்துவிட்டால் அத்துணை இல்லை. மாட்டின் வலி எல்லைக்கல்லை அறியுமோ?

அம்மையார் 1953-இல் தாமே ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அமைச்சரல்லாதார் கொணர்வது தனி உறுப்பினர் மசோதா எனப்படும். அதனை ஆராய வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் இரண்டரை மணி நேரம் ஒதுக்குவது வழக்கம். விவாதத்திற் கலந்துகொண்ட பிரதமர் நேரு, அம்மையாரின் நோக்கத்தைப் போற்றி, அரசே விரிவான சட்டம் கொணரும் என உறுதியளித்து, மசோதாவைத் திரும்பப் பெறுமாறு வேண்டினார். அம்மையாரும் இசைந்தார்.

இதனைத் தோல்வி என்பார் உளர். அவ்வாறு கருதுவது தவறு. புதிய வாரியம் அமைப்பதற்குப் பொருள் வேண்டும். அரசின் கருவூலத்திலிருந்து செலவு கோரும் மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிந்துரையின்றி அவை நிறைவேற்ற இயலாது. பிடிவாதம் பிடித்திருந்தால் வாக்கெடுப்பில் வீழ்ந்த மசோதா ஒன்றே எஞ்சியிருக்கும். அரசு ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்தது. மசோதா ஓரவையில் மூன்று நிலைகளைக் கடக்க வேண்டும்: அறிமுகம், விதிவாரியான ஆய்வு, இறுதி ஏற்பு. மற்ற அவையிலும் அவ்வாறே நிறைவேறிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றாலன்றி அது சட்டமாகாது. இவையெல்லாம் முடிந்து, 1960 டிசம்பர் 26-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. ஏழாண்டுகள் கடந்தன; ஆயினும் அது நகர எல்லையில் நின்றுவிடும் சட்டமன்று. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் முதல் தலைவர் ருக்மிணி தேவியே. பிற்காலத்தில் திருவான்மியூரில் இயங்கிய அவ்வாரியம் 2018-இல் அரியானாவுக்குச் சென்றுவிட்டது.

விலங்கு வதைத் தடுப்பு மைய அரசுக்கும் மாநிலங்களுக்கும் பொதுவான அதிகாரப் பட்டியலில் அடங்கும். ஆதலால், சல்லிக்கட்டின் பொருட்டுத் தமிழகச் சட்டமன்றம் 2017-இல் இச்சட்டத்தைத் திருத்தவும், குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் தரவும் இயன்றது.

தனி உறுப்பினர் மசோதாக்களுள் சட்டமானவை பதினான்கே. அவற்றுள் இறுதியானது 1970-இல் நிறைவேறியது. இவ்வெண்ணைக் காட்டி வெள்ளிக்கிழமை நேரம் வீண் என்பது நெல்லை எண்ணி நாற்றை மறப்பதாகும். நிறைவேறாத மசோதா அரசை விடை சொல்ல வைக்கின்றது. சில வேளைகளில் அரசின் கையாலேயே சட்டமாகி வருகின்றது.

இச்சட்டத்திலும் குறை உண்டு. விலங்கை வதைத்தவருக்கு முதற் குற்றத்திற்கு அது வகுத்த தண்டம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாதது ஆகும். அந்நாளில் வண்டிக்காரர் ஒருவருக்கு அது சுமைதான். அரை நூற்றாண்டு கடந்தும் அத்தொகை மாறாதிருந்தது. இத்தகையதொன்றைத் திருத்துதற்கு அமைச்சரே எழ வேண்டுமென்பதில்லை. திருப்பெரும்புதூர் உறுப்பினரோ தென்சென்னை உறுப்பினரோ ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் எழலாம்.