மாத்திரை தின்னா பசிக்குது

மனநோயாளிகளுக்கு ‘முழுமையான நலவாழ்வு’ வேண்டும் என்று இப்போது பேசுகிறார்கள். மாத்திரை மட்டும் போதாது. சாப்பாடு, நடை, தூக்கம், உடம்புச் சோதனை, நாலு பேரோடு பழக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் வைத்தியமாம். நியாயமான பேச்சுதான். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருசம் முன்னாடியே செத்துப்போகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் கொல்வது இருதய நோய், சர்க்கரை மாதிரி உடம்பு வியாதிகள்.

இதெல்லாம் ராசிபுரம் பக்கத்து அருந்ததியர் தெருவில் எப்படி நடக்கும்?

ஓலன்சபின் மாத்திரையை எடுத்துக்குங்க. மனசை அடக்கும், பசியைக் கிளப்பும், எடை கூடும், சர்க்கரையும் ஏறலாம். எங்க சித்தப்பா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டியவர். மாத்திரை ஆரம்பித்த பிறகு ‘ஒரு குண்டா சோறும் பத்தலடா’ம்பார். டாக்டர் சோத்தைக் குறைச்சு காய், முட்டை சாப்பிடச் சொன்னார். வீட்டில் இருந்தது ரேஷன் அரிசியும் குச்சிக்கிழங்கும். ஊருக்கெல்லாம் முட்டை அனுப்புற மாவட்டம் இது! மாத்திரை வாங்கப் போற நாளில் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. மூணு வருசத்தில் ஒருத்தரும் அவர் எடையையோ சர்க்கரையையோ பார்க்கவில்லை. போன தையில் நெஞ்சுவலின்னு விழுந்தவர் எந்திரிக்கலை. 46 வயசு. இதுக்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லலைங்க. நிறுத்தினா என்ன ஆகும்னு வீட்டுக்காரங்களுக்குத் தெரியும்.

அப்புறம் நடை. தினம் அரைமணி நேரம் நடக்கணுமாம். எங்கே? ரோட்டுக்கு வர ஊர்த்தெருவைத் தாண்டணும். நல்ல புத்தியோடு போகிறவனையே ‘எங்கடா போற’ன்னு கேட்கிற தெரு. தனக்குத்தானே பேசிக்கிட்டுப் போகிறவனைச் சும்மா விடுவானா? ‘யாரோ அடிக்க வர்றாங்க’ன்னு சொன்னா டாக்டர் நோய்க்குறின்னு எழுதிக்கிறார். எங்க ஆளு சொன்னா, யாரு அடிச்சான்னும் ஒரு வார்த்தை கேட்கணும்.

சட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. 2001 ஆகஸ்ட் 6இல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டிப்போட்ட 28 பேர் தீயில் வெந்து செத்தார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்தது. உடம்பு வியாதிக்காரருக்குச் சமமாக மனநோயாளிக்கும் வைத்தியம் தரணும் என்றது. 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. அந்தப் பையில் மனநோய் மாத்திரைக்கும் இடம் வேண்டும். கொண்டு வருகிறவர் மூணு மாசத்துக்கு ஒருமுறை எடையும் சர்க்கரையும் பார்க்கட்டும். சத்துணவில் பிள்ளைகளுக்குத் தருகிற முட்டையை இவர்களுக்கும் தரட்டும். யோகா வாத்தியார் பொறவு வரலாம்.