நகரத்தில் ஊழியம்

சில சொற்கள் தாழ்ந்த பொருளில் வழங்கிப் பின் உயர்ந்த பொருளை எய்துகின்றன. ஊழியம் என்பது அவற்றுள் ஒன்று. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்திலே, குறித்த சில வகுப்பார் அரசுக்குக் கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த கட்டாய வேலைக்கு ஊழியம் என்று பெயர். பணமுடையார் அதனைச் செலுத்தி விலகிக்கொள்ளவும் இடமிருந்தது. அதே சொல் கிறிஸ்தவர் வழக்கிலே, எவரும் வற்புறுத்தாமல் அன்பு காரணமாகப் பிறர்க்குச் செய்யும் பணிக்குப் பெயராயிற்று. அவ்வுயர்வு நம் நகரங்களிலே இன்று நிலைத்திருக்கின்றதா என்பதே எம் வினா.

சில வாரங்களுக்கு முன், என் பழைய மாணாக்கர் ஒருவர் துண்டுப் பிரசுரம் ஒன்றைத் திருத்தித் தரும்படி வந்தார். அவர் கிளிநொச்சியிலே சிறு சபையொன்றை நடத்துபவர். யான் சைவன், ஆயினும் தமிழிலே பிழை இருப்பின் அதனைத் திருத்துதற்குச் சமயம் தடையாகாது. மூன்று நாட் கூட்டம், பெரும் பந்தல், ஒலிபெருக்கி, நோய் தீரும் என்ற உறுதிமொழி ஆகிய யாவும் அப்பிரசுரத்தில் இருந்தன. ஒற்றுப் பிழைகளை நீக்கியபின், "தம்பி, பந்தலைப் பிரித்த மறுநாள் இந்தச் சனங்களிடம் போகிறவர் யார்?" என்று கேட்டேன். அவர் சற்றுப் பேசாதிருந்து, "ஐயா, பந்தலுக்கு வருகிறவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. என் வீட்டு விறாந்தைக்கு வருகிற பதினொரு பேரின் பெயரும் தெரியும், கடனும் தெரியும்" என்றார். அந்த விடையையே யான் இக்கட்டுரைக்குப் பொருளாகக் கொண்டேன்.

கிராமத்திலே ஒருவன் மூன்று நாள் வெளியில் வாராதிருந்தால் நாலாம் நாள் அயலார் படலையைத் தட்டுவர். நகரத்திலே அவ்வழக்கம் அரிது. வன்னி நகரங்களுக்கோ மற்றொரு தன்மையும் உண்டு. அவை வந்தேறினோரின் நகரங்கள். இரணைமடு நீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர், 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலையகத்தை விட்டு வந்தோர், போரினாலே பலமுறை இடம்பெயர்ந்து மீண்டோர் எனப் பல திறத்தார் கண்டி வீதியின் இருமருங்கும் வாழ்கின்றனர். அறிவியல்நகர் ஆடைத் தொழிற்சாலைக்கு விடியுமுன்னே பேருந்தேறும் பெண்களும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியா வளாகத்தை நாடித் தூர ஊர்களிலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கும் மாணவரும் இவர்களோடு சேர்ந்துள்ளனர். அடுத்த வீட்டார் பெயர் அறியாதார் பலர் கூடிய இடத்திலே, பெயர் அறிந்து அழைப்பதே முதற்றொண்டு.

கிறிஸ்தவ சமயம் தொடக்கத்திலேயே நகரங்களில் வளர்ந்த சமயம் என்பதை அதன் வரலாறு கற்றோர் அறிவர். பவுலடிகள் எழுதிய நிருபங்களுட் பல கொரிந்து, உரோமை முதலிய நகரங்களில் வாழ்ந்தோர்க்கு எழுதப்பட்டவை. அவர் கொரிந்துக்குச் சென்றபோது யாரோடு தங்கினார்? கிலவுதியு மன்னனின் ஆணையால் உரோமையினின்று துரத்தப்பட்டு வந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியரோடு. இருவரும் அகதிகள், கூடாரம் செய்பவர். பவுலும் அத்தொழிலே அறிந்தவராதலின் அவர்களோடு வேலை செய்தார். அந்நகரிலே அவர் இருந்தது மூன்று நாளன்று, ஒன்றரை ஆண்டு. கூடாரமும் அகதி வாழ்வும் என்னவென்று செட்டிகுளம் முகாமிலே கண்டறிந்த நம்மவர்க்கு இச்செய்தி விளக்கம் வேண்டுவதன்று.

உடனிருத்தலே ஊழியம் என்பதற்கு வேற்றுநாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலிலே போர் நெருக்கியபோது குருமார் சிலர் மக்களை விட்டு நீங்காதிருந்தனர். சாரத்ஜீவன் அடிகளார் மே 18ஆம் நாள் உயிர் நீத்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், அதே நாள் சரணடைந்த மக்களோடு சென்றார். பின்னர் அவரைப் பற்றிய செய்தியே இல்லை. மந்தையோடு சென்ற மேய்ப்பரும் காணாமல் ஆக்கப்பட்டோருள் ஒருவரானார்.

அவ்வாறு காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடி 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலருகே உறவினர் தொடங்கிய போராட்டம், ஆண்டுகள் பல கடந்தும் ஓயவில்லை. பிள்ளையின் படத்தை மடியில் வைத்திருந்த தாய்மாருட் பலர் விடை பெறாமலே இறந்துபோயினர். நுண்கடனாற் பட்டினி கிடக்கும் குடும்பத் தலைவியும், போதைப்பொருளுக்கு மகனைப் பறிகொடுத்த தந்தையும் அதே நகரத்திலேதான் உளர். இவர்களுக்கு அற்புதம் நிகழும் என்று தூரத்திலிருந்து கூறுவது எளிது. நாடோறும் சென்று பக்கத்தில் அமர்வது அரிது. அதைச் செய்யும் துறவியரும் போதகரும் இன்றும் உளர். அவர்கள் பெயர் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை.

தம் சமயத்தைச் சொல்லுதல் கிறிஸ்தவரின் உரிமையன்றோ எனச் சிலர் வினவலாம். உரிமையே, யான் அதனை மறுக்கவில்லை. சிறு சபைகளை இகழும் நம்மவருக்கும் ஒன்று சொல்வேன்: ஓர் ஏழைப் பெண் அங்கே போவதற்குக் காரணம், அவள் அழுதபோது நம்முள் எவரும் கேளாமையே. அக்குற்றம் கோயிலுடைய சைவர்க்கும், பழைய தேவாலயமுடைய கிறிஸ்தவர்க்கும் பொது. எனினும், அவள் துயரையே தம் கூட்டத்திற்கு விளம்பரமாக்குவோர், விரும்பிச் செய்யும் ஊழியத்தை மீண்டும் ஒருவகைக் கட்டாயமாக்குகின்றனர். நோயும் கடனும் கழுத்தை நெரிக்கும்போது ஒருவர் சொல்லும் "ஆம்" என்பது முழு மனத்தின் சொல்லாகுமா?

மாணாக்கர் பிரசுரத்தை எடுத்துச் சென்றார். மறுவாரம் வந்து, கூட்டத்தை ஒருநாளாகக் குறைத்ததாகவும், மிஞ்சிய பணத்தில் அந்தப் பதினொருவருள் ஒரு பெண்ணுக்குத் தையல் இயந்திரம் வாங்கியதாகவும் சொன்னார். அது பற்றிப் பிரசுரம் அடிக்க வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் ஐயா" என்றார். அவருடைய தமிழிலே திருத்த வேண்டியது இன்னும் உண்டு. ஊழியம் என்னும் சொல்லின் பொருளை மட்டும் அவர் பிழையறக் கற்றுக்கொண்டார்.