எந்திரம் வீட்டில், சாவி கம்பெனியில்!

ஒருவர் கடைக்குப் போய் அரிவாள்மணை வாங்குகிறார். கடைக்காரர் காசை எண்ணி வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்கிறார். பிறகு சொல்கிறார்:

"மாதத்துக்கு 20 கத்தரிக்காய் நறுக்கிக்கொள்ளுங்கள். 21-வது கத்தரிக்காயை நறுக்க வேண்டுமானால், மாதா மாதம் எனக்குப் பணம் கட்டவேண்டும்!"

இப்படி ஒரு கடைக்காரர் சொன்னால் என்ன நடக்கும்? ஊரே கைகொட்டிச் சிரிக்கும். "உன் அரிவாள்மணையும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்று காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஆனால், கிட்டத்தட்ட இதே பேச்சை ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி 2021-ம் ஆண்டில் பேசியது. எந்திரம் வாங்கியவர்கள் சிரிக்கவில்லை. கொதித்து எழுந்தார்கள்!

வெட்டும் பெட்டி

அந்த எந்திரத்தின் பெயர் கிரிக்கட். பந்து, மட்டை விளையாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காகிதம், அட்டை, ஸ்டிக்கர், துணி ஆகியவற்றை வேண்டிய வடிவத்தில் வெட்டிக் கொடுக்கும் எந்திரம் இது. இதைச் செய்யும் கம்பெனி அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் இருக்கிறது.

பார்ப்பதற்குப் பிரிண்டர் போல இருக்கும். உள்ளே மைக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு கத்தி. கம்ப்யூட்டரில் அல்லது செல்போனில் ஒரு படத்தைப் போட்டால், அந்தப் படத்தின் ஓரத்திலேயே கத்தி ஓடி, பிசிறு இல்லாமல் வெட்டிவிடும்.

பிறந்த நாள் கேக்கின் மேல் குத்தும் பெயர், வளைகாப்பு வீட்டில் ஒட்டும் எழுத்து, பனியன் மேல் பதிக்கும் படம் எல்லாம் இதில் செய்யலாம். கத்தரிக்கோலால் ஒரு மணி நேரம் வெட்டுவதை இது சில நிமிடங்களில் வெட்டும்.

விலைதான் சும்மா இல்லை. 2017-ம் ஆண்டில் இந்தக் கம்பெனி 'மேக்கர்' என்ற எந்திரத்தை வெளியிட்டது. அதன் விலை 399 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 26 ஆயிரம் ரூபாய்!

பணத்தைக் கொடுத்துப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மட்டும் போதாது. கம்பெனியின் 'டிசைன் ஸ்பேஸ்' என்ற சாப்ட்வேர் மூலமாகத்தான் அதற்கு வேலை சொல்ல முடியும். அதற்குக் கம்பெனியில் கணக்குத் தொடங்கவேண்டும்.

அதாவது, எந்திரம் வீட்டில், சாவி கம்பெனியில்.

ஆறு நாள் கலகம்

2021-ம் ஆண்டு மார்ச் மாதம் 2-வது வாரத்தில் கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வாங்கியவர்கள் தாங்களே வரைந்த படங்களைச் சாப்ட்வேரில் ஏற்றுவதற்கு அதுவரை கணக்கு வழக்கு கிடையாது. இனிமேல் மாதம் 20 படம்தான் ஏற்றலாம். அதற்கு மேல் வேண்டுமானால் சந்தா கட்டவேண்டும்!

சந்தா மாதம் 9.99 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 725 ரூபாய். ஆண்டுக்கு 8,700 ரூபாய் ஆகிவிடும். மூன்று ஆண்டு கட்டினால் 'மேக்கர்' எந்திரத்தின் விலையே வந்துவிடும்!

இது புதிதாக வாங்குகிறவர்களுக்கு மட்டும் அல்ல. எப்போதோ வாங்கி, வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும்தான். வாங்கும்போது இல்லாத நிபந்தனை, வாங்கிய பிறகு வந்து நின்றது.

பல்லாயிரம் பேர் கண்டன மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் வீட்டில் இருந்தபடியே கைவேலை செய்து விற்றுப் பிழைக்கும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு மாதம் 20 படம் எந்த மூலைக்கு?

16-ந் தேதி கம்பெனியின் தலைவர் ஆஷிஷ் அரோரா கொஞ்சம் இறங்கி வந்தார். 2021-ம் ஆண்டு முடிவதற்குள் எந்திரத்தைப் பதிவு செய்தவர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்றார். எதிர்ப்பு அடங்கவில்லை. 18-ந் தேதி, யாருக்குமே கட்டுப்பாடு இல்லை என்று திட்டத்தையே கைவிட்டார்.

அடுத்த வாரம், 25-ந் தேதி, கம்பெனியின் பங்குகள் முதன்முதலாகப் பங்குச் சந்தைக்கு வந்தன. எந்திரம் விற்றால் ஒரு முறைதான் வருமானம். சந்தா என்றால் மாதா மாதம் வருமானம். பங்கு வாங்குகிறவர்களுக்கு எது பிடிக்கும் என்று சொல்லவேண்டியது இல்லை.

வென்றும் தோற்றவர்கள்

திட்டம் கைவிடப்பட்டது. வாங்கியவர்கள் ஜெயித்துவிட்டார்கள். அப்படியானால் கதை முடிந்ததா?

முடியவில்லை. கம்பெனி திரும்பப் பெற்றது கட்டுப்பாட்டைத்தான். கட்டுப்பாடு போடும் அதிகாரத்தை அல்ல. சாவி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

முன்பே இதற்கு அடையாளங்கள் இருந்தன. இந்த எந்திரத்தில் வேலை செய்யும் சாப்ட்வேரை 'கிராப்ட் எட்ஜ்' போன்ற வேறு நிறுவனங்களும் விற்றுவந்தன. கிரிக்கட் தரப்பு வழக்குப் போட்டது. 2011-ம் ஆண்டில் சமரசம் ஏற்பட்டு, கிரிக்கட்டை ஓட்டும் வசதியை 'கிராப்ட் எட்ஜ்' நீக்கியது. கம்பெனியின் பழைய சாப்ட்வேரான 'கிராப்ட் ரூம்' 2018-ம் ஆண்டில் மூடப்பட்டது. பழைய எந்திரங்களைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து ஓட்டியவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

ஆசையாக வாங்கிய பொருள் மீது வாங்கியவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. 'இன்று விட்டார்கள். நாளைக்கு?' இந்தச் சந்தேகத்துக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது.

நம் ஊருக்கு என்ன?

இது அமெரிக்கக் கதை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இதில் என்ன இருக்கிறது?

இருக்கிறது.

1989-ம் ஆண்டில் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம், 1991-92-ல் தென்னாற்காடு மாவட்டத்துக்கு வந்தது. விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. 1993-ம் ஆண்டில்தான் விழுப்புரம் தனி மாவட்டம் ஆயிற்று. குழுவில் சேர்ந்து, சிறுகச் சிறுகச் சேமித்து, கடன் வாங்கித் தையல் எந்திரம் போட்ட பெண்கள் இங்கே ஏராளம்.

திண்டிவனத்தில் அப்படி ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கெட் தைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறாள். இப்போது பிறந்த நாள் அலங்காரத்துக்கும் ஆர்டர் வருகிறது. வெட்டும் எந்திரம் ஒன்று வாங்கலாம் என்று அவளுக்கு ஆசை. மாமியாரிடம் சொல்கிறாள்.

"அத்தை, குழுவுல கடன் கேட்டிருக்கேன். இந்த மெஷின் வந்துட்டா வேலை சீக்கிரம் முடியும்."

"வாங்கும்மா, வேணாம்னு சொல்லலே. இந்தத் தையல் மெஷின் நான் கல்யாணமாகி வந்த வருஷம் உங்க மாமா வாங்கினது. ஊசி ஒடிஞ்சா கடைத்தெருவுல வாங்கிப் போட்டேன். பெல்ட்டு அறுந்தா மாத்தினேன். இது வரைக்கும் எவனும் வந்து, எத்தினி ஜாக்கெட் தைச்சேன்னு கேட்டதில்லே. அந்த மெஷின் அப்படித்தானா? அதை மட்டும் கேட்டுக்கோ."

மாமியார் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் அல்ல. ஆனால், கேட்கவேண்டிய கேள்வி அதுதான்!

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில், திண்டிவனத்தில் இருந்து விழுப்புரம் வரையில் ஓடும் லாரிகளையும் ஆட்டோக்களையும் பார்த்தால் போதும். முன் கண்ணாடியில் சாமி பெயர், பின்னால் பிள்ளைகள் பெயர். இவற்றை வெட்டிக் கொடுக்கும் ஸ்டிக்கர் கடைகளிலும் எந்திரம் உண்டு. அங்கே உள்ள எந்திரங்களில் பல, கடைக்காரர் தமக்குப் பழகிய சாப்ட்வேரில் எழுத்தை அமைத்துக் கொடுத்தால் வெட்டிவிடும். அழகான பெட்டி இல்லை. ஆனால், சாவி கடைக்காரர் கையில்!

மல்லாட்டை சொல்லும் பாடம்

திண்டிவனத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. அங்கிருந்து வந்த மல்லாட்டை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர். டி.எம்.வி. என்பது திண்டிவனத்தைக் குறிக்கும். 1940-ம் ஆண்டில் வந்த டி.எம்.வி.2 மல்லாட்டை, ஆந்திரா, கர்நாடகம் வரையில் பரவிப் பல்லாண்டு காலம் விளைந்தது.

அது எப்படிப் பரவியது? உழவர் ஒரு முறை விதை வாங்கினார். விளைந்ததில் நல்ல காயாகப் பார்த்து அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைத்தார். பக்கத்து நிலத்துக்காரருக்கும் ஒரு மரக்கால் கொடுத்தார். இரண்டாவது விதைப்புக்குச் சந்தா கட்டு என்று யாரும் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கவில்லை.

அந்த வழக்கம் சட்டமும் ஆயிற்று. 2001-ம் ஆண்டில் வந்த பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, விளைந்ததில் இருந்து விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு. கம்பெனிப் பெயர் போட்ட விதையாக மட்டும் விற்கக் கூடாது.

விதைக்கு இந்த நியாயம் உண்டு என்றால், எந்திரத்துக்கு ஏன் இருக்கக் கூடாது? காசு கொடுத்து வாங்கிய எந்திரத்தில், சொந்தக் கையால் வரைந்த படத்தை வெட்டுவதற்கு எதற்கு இன்னொருவர் அனுமதி?

கம்பெனியின் நியாயம்

கம்பெனிக்கும் ஒரு நியாயம் உண்டு. ஏற்றும் படங்களை எல்லாம் சேமித்து வைக்கச் செலவு ஆகிறது. சாப்ட்வேரைப் புதுப்பிக்க ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். தான் வரைந்து வைத்த ஆயிரக்கணக்கான படங்களைக் கொடுப்பதற்குச் சந்தா கேட்டால் அதில் தப்பு இல்லை. வேண்டியவர் கட்டட்டும், வேண்டாதவர் விடட்டும்.

ஆனால், செலவு இருந்தால் அதை விற்கும்போதே சொல்லவேண்டும். விலையில் சேர்க்கவேண்டும். விற்றுவிட்டு, வாங்கியவர் அதை நம்பித் தொழில் தொடங்கிய பிறகு, நடுவில் வந்து கதவைச் சாத்துவது வியாபாரம் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வியாபாரத்துக்காக வாங்கியவர் இதில் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால், சுயதொழில் செய்து வயிறு பிழைப்பதற்காகவே வாங்கியவர் நுகர்வோர்தான். திண்டிவனத்துத் தையல்காரப் பெண்ணுக்குச் சட்டத்தில் இடம் உண்டு!

எந்திரத்தில் குறை இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையில் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. நிபந்தனையே அநியாயமானது என்றால், அந்த வழக்கு சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும். ஆலோசனை கேட்க 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம்.

பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய அரசு 2022-ம் ஆண்டு ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் தகவல் தரும் இணையதளமும் தொடங்கியது. நல்ல ஆரம்பம்தான். ஆனால், உழவருக்கு விதையில் கொடுத்ததைப் போன்ற உரிமையை, எந்திரம் வாங்குகிறவருக்கும் சட்டமாகவே கொடுக்கவேண்டும்.

நாலு கேள்வி

அதுவரையில் என்ன செய்வது? எந்திரம் வாங்கப் போகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்கவேண்டும்.

இன்டர்நெட் இல்லாவிட்டால் இது ஓடுமா? வேறு சாப்ட்வேரில் வேலை செய்யுமா? கத்தியும் உதிரிப் பாகமும் உள்ளூரில் கிடைக்குமா? கம்பெனி நாளைக்குக் கடையை மூடினால், இது எந்திரமா, வெறும் பெட்டியா?

நாலுக்கும் நல்ல பதில் வந்தால் வாங்கலாம். பதில் வராவிட்டால், குழுவில் வாங்கிய கடனைக் கட்டவேண்டியவள் அந்தப் பெண்தான், கம்பெனி அல்ல.

அரிவாள்மணை வாங்கும்போது கூர் பார்த்து வாங்குவார்கள். இனிமேல், சாவி யார் கையில் என்றும் பார்த்து வாங்கவேண்டும்!