சேரி, காலனி, அடுத்து என்ன?

ஒரகடத்தில் வாடகைக்கு அறை தேடிப் போனால் யாரும் நேராகச் சாதி கேட்பதில்லை. எந்த ஊர் என்பார்கள். சொன்னதும் அடுத்த கேள்வி: "ஊரா, காலனியா?" காலனி என்று சொன்ன நம் தோழர்களுக்கு அறை கிடைக்காது. கேட்டவரே சென்னையில் ஏதோ பேங்க் காலனியில் மனை வாங்கியதைப் பெருமையாகச் சொல்வார். அங்கே அது மரியாதையான விலாசம்.

காலனி லத்தீன் சொல். கொலோனஸ் என்றால் நிலத்தை உழுபவர். ரோம அரசு தன் படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர் கொலோனியா. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்கு அந்தப் பெயர்தான் இன்றும். பிறகு கி.பி. 332இல் கான்ஸ்டன்டைன் ஒரு சட்டம் போட்டார்: உழுபவர் நிலத்தை விட்டு ஓட நினைத்தால் சங்கிலி மாட்டலாம். நம் தாத்தாக்களின் பண்ணையாள் கதை மாதிரி இல்லை? வடக்குப்பட்டில் 2022இல் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானியத் தொடர்பைக் காட்டும் பானை ஓடுகள் கிடைத்தன. பானை முதலில் வந்தது. சொல் வெள்ளைக்காரனோடு பின்னால் வந்தது.

அதற்கு முன் நம்மைச் 'சேரி' என்றார்கள். சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான். குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் கொண்டாடும் உத்திரமேரூர் கல்வெட்டு இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதில் 12 சேரிகள் வருகின்றன. அத்தனையும் பார்ப்பனர் குடியிருப்புகள்! தேர்தலில் நிற்கத் தகுதி என்ன? வேதம் தெரிந்திருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். அதே சோழர் காலத்தில், ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் 'தீண்டாச்சேரி' வருகிறது. இரண்டும் சேரிதான். ஒன்றில் இருந்தவர்களுக்கு நிலமும் சபையும் இருந்தன. இன்னொன்றில் இருந்தவர்கள் பிறர் நிலத்தில் உழைத்தார்கள்.

அதனால்தான், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்ததை வரவேற்கிறோம், ஆனால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போக மாட்டோம். சேரியை மாற்றிக் காலனி என்றார்கள், இழிவு கூடவே வந்தது. நாளை 'நகர்' என்பார்கள். அறைக்காரர் கேள்வியை மாற்றிக் கேட்பார்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நிலமில்லாத நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892இல் அரசு பஞ்சமி நிலம் ஒதுக்கியது. பிறருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்டது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 1994இல் காரணையில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம். பெயர்ப்பலகைக்கு வந்த அவசரம் இந்த நிலத்துக்கு ஏன் வரவில்லை?

மாணவத் தோழர்களே, உங்கள் ஊர் 'அ' பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். டி.சி. நிலம் என்ற குறிப்பு எந்தப் புல எண்களில் இருக்கிறது, அந்தப் புல எண்களில் இன்று பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததை எங்களுக்கு எழுதுங்கள்.